அறுபது அடிக்கு அந்தப்பக்கம்

நாள் 1: ஆரோராவிலிருந்து ராக்ஃபோர்டு

மதுரையில் இருக்கும் சித்தி மகளிடம் போனில், "பெண்கள் பவுலிங் பார்க்கப் போகிறேன்" என்றேன். "அமெரிக்காவிலுமா கிரிக்கெட் ஆடுகிறார்கள்?" என்று கேட்டாள். அவள்மேல் தப்பில்லை. நமக்குப் பவுலிங் என்றால் ஓடிவந்து கையைச் சுழற்றுவதுதான். நான் சொன்னது, பாட்டில் வடிவத்தில் இருக்கும் பத்துப் பின்களை ஒரு கோடியில் நிறுத்திவைத்து மறு கோடியிலிருந்து கனத்த பந்தை உருட்டிச் சாய்க்கும் ஆட்டம். அதையே தொழிலாக ஆடும் பெண்கள், கோடை முழுக்க ஊர் ஊராகப் போய்ப் போட்டியிடுகிறார்கள். அதில் ஓர் ஊரையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆசை வந்த கதை சிறியது. சிங்கப்பூரில் இருபத்தேழு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தேன். ஓராண்டு, பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைப் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்த அன்று நான் மருத்துவ விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பவுலிங் குழு என் தலையில் விழுந்திருந்தது. அதுவரை அந்தப் பந்தைத் தொட்டதுகூட இல்லை. மதிப்பெண் போடக் கற்றுக்கொண்டேன், பிள்ளைகளின் காலணி அளவுகளை மனப்பாடம் செய்துகொண்டேன், ஆட்டத்தை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. 2016இல் எங்கள் ஊர்ப் பெண் பெர்னிஸ் லிம் லாஸ் வேகஸில் குவீன்ஸ் என்ற பெரிய பவுலிங் பட்டத்தை வென்றார் என்று செய்தி வந்தபோது ஆசிரியர் அறையில் துள்ளிக் குதித்தவள் நான் ஒருத்திதான். பக்கத்து மேசைக்காரர் எனக்கு லாட்டரி விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது ஓய்வு பெற்றாயிற்று. தங்கை வீடு சிகாகோவுக்குப் பக்கத்தில், ஆரோராவில் இருக்கிறது. அங்கிருந்து ராக்ஃபோர்டுக்குக் காரில் ஒன்றேகால் மணி நேரம். இரண்டு பக்கமும் சோளக்காடு. தங்கை வண்டி ஓட்டினாள். அவளுக்கு இந்த ஆட்டத்தில் துளியும் ஆர்வம் கிடையாது, அக்காவைத் தனியாக அனுப்பக் கூடாதே என்றுதான் வருகிறாள். வழியில் அவளுக்கு வரலாறு சொன்னேன். பெண்களுக்கான தொழில்முறைச் சங்கம் 1960இல் தொடங்கியது. பெயர்கள் மாறின, நடத்தியவர்கள் மாறினார்கள். 2003இல் சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே பணம் இல்லாமல் கடையை மூடிவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அந்தத் தொடர் நடக்கவேயில்லை. 2015இல்தான் மறுபடி தொடங்கினார்கள். அப்போது சாதாரணப் போட்டி ஒன்றில் முதல் பரிசு 10,000 டாலர்.

"பத்தாயிரமா? இந்த ஊரில் அது இரண்டு பல்லுக்குத்தான் காணும்" என்றாள் தங்கை. அவள் பல் மருத்துவமனையில் கணக்கு எழுதுகிறாள்.

விடுதிக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வாகன நிறுத்தத்தில் ஒரு பெண் காரின் பின்கதவைத் திறந்து பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்து அறைக்குள் கொண்டுபோனார். ராத்திரிக் குளிரில் பந்தை வண்டியில் விடமாட்டார்களாம். எண்ணினேன், ஒன்பது.

நாள் 2: பயிற்சி நாள்

பவுலிங் கூடம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. வெளியே பார்த்தால் மரச்சாமான் கிடங்குபோலத் தெரியும். உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை வந்தது: எண்ணெய், வறுத்த உருளைக்கிழங்கு, பழைய தோல் காலணி. சிங்கப்பூரிலும் இதே வாசனைதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

இன்று போட்டி இல்லை, பயிற்சி மட்டும். ஆனால் இதுதான் சுவையான நாள் என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் கிட்டே போய்ப் பார்க்கலாம். தடுப்புக் கயிறு கிடையாது. இரண்டு கை தூரத்தில் ஒரு வீராங்கனை உட்கார்ந்து பந்தின் கட்டைவிரல் துளையைச் சரிசெய்துகொண்டிருந்தார். துளைக்குள் வெள்ளை நாடாத் துண்டுகள், நகத்தளவு, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. விரலை விட்டுப் பார்த்தார். இடுக்கியால் ஒரு துண்டை உரித்து எடுத்தார். மறுபடி விட்டுப் பார்த்தார், தலையை ஆட்டினார், உரித்த துண்டையே திரும்ப ஒட்டினார். பத்து நிமிடம் இதே வேலை. காலையில் விரல் சற்று வீங்கியிருக்கும், ஆடஆடச் சுருங்கும், அல்லது நேர்மாறாக நடக்கும். ஒரு நாடாக் கனம் கூடினால் பந்து விரலைவிட்டு நேரம் தப்பி விலகும். எங்கள் பிள்ளைகளிடம் "விரலைத் துடை, போ" என்று விரட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

இன்னொருவர் சொரசொரப்பான வட்டத் தாளால் பந்தின் மேற்பரப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இது இப்போதே முடிய வேண்டும். போட்டி தொடங்கிவிட்டால் மேற்பரப்பை மாற்றக் கூடாது.

எல்லாப் பாடும் எண்ணெய்க்காகத்தான். பந்து உருளும் பாதைக்கு லேன் என்று பெயர். ஆடுபவர் நிற்கும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலம் நாற்பத்தொன்றரை அங்குலம், அதை 39 பலகைகளாகக் கணக்கிடுகிறார்கள். முதல் நாற்பது அடி அளவுக்கு இயந்திரம் எண்ணெய் பூசிவிட்டுப் போகும். எண்ணெய் உள்ள இடத்தில் பந்து வழுக்கும், காய்ந்த இடம் வந்ததும் பிடித்துக்கொண்டு வளையும். நாம் விடுமுறையில் போய் ஆடும் கூடங்களில் நடுவில் நிறைய எண்ணெய், ஓரங்களில் கொஞ்சம் என்று பூசியிருப்பார்கள். தப்பாக விட்ட பந்துகூட நல்ல பிள்ளையாக நடுவுக்கே திரும்பிவரும். நமக்கே நாம் கெட்டிக்காரராகத் தெரிவோம். இவர்கள் ஆடும் இடத்தில் அந்தச் சலுகை இல்லை. அகலம் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராகப் பூசுவதால், இரண்டு பலகை தவறினால் தவறியதுதான்.

இதில் கொடுமை, எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. போதாததற்கு ஒவ்வொரு பந்தும் அதைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டும் போகிறது. தங்கைக்குத் தோசைக்கல்லை வைத்து விளக்கினேன். முதல் தோசைக்கு இருந்த கல் நாலாவது தோசைக்கு இருப்பதில்லை, அதுவும் உனக்கு முன்னால் வேறு யாரோ வார்த்துவிட்டுப் போன கல் என்று நினைத்துக்கொள் என்றேன். அதற்கப்புறம்தான் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

மதியம் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். மேல்சட்டை முழுக்கப் பழைய லீக் பதக்கங்கள். மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் ஊர்க்காரர். ஊர்ப்பெயரைச் சொன்னதும் "மேரியன் லாட்விக்?" என்று கேட்டேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தச் சங்கத்தின் முதல் போட்டியை 1960இல் ஃபுளோரிடாவில் வென்றவர் லாட்விக். 1949 முதல் 1963 வரை ஆல்ஸ்டார் என்ற தேசியப் பட்டத்தை எட்டுமுறை வென்றார். முதலில் சாஃப்ட்பால் ஆடிக்கொண்டிருந்தவரை ஒரு பவுலிங் கூட உரிமையாளர்தான் இந்தப் பக்கம் இழுத்துவந்தார். "முதல் ஆட்டத்தில் அவர் எவ்வளவு எடுத்தார் தெரியுமா?" என்று பாட்டி கேட்டார். தெரியும், 81. ஆனாலும் தெரியாது என்றேன். அவர் வாயால் சொல்ல வேண்டுமே.

எலுமிச்சைச் சாதத்தை வாகன நிறுத்தத்தில் காரின் பின்னிருக்கையில் வைத்துச் சாப்பிட்டோம். வெளி உணவுக்கு உள்ளே அனுமதி இல்லை.

நாள் 3: தகுதிச் சுற்று

காலை எட்டுக்கே சத்தம் தொடங்கிவிட்டது. தொலைக்காட்சியில் ஒரு நேரத்தில் ஒரு பந்துதான் கேட்கும். இங்கே நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் ஒரே நேரத்தில் உருட்டுகிறார்கள். பின்கள் சாயும் ஓசை ஓயவேயில்லை. பழைய பாத்திரக் கடையில் அலமாரி சரிவதுபோல, அதுவும் நாள் முழுக்கச் சரிவதுபோல.

முறை இதுதான்: காலையில் ஆறு ஆட்டம், பிற்பகலில் ஆறு. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஜோடி லேன்களுக்கு இடம் மாற வேண்டும். அங்கே வேறு இருவர் உருட்டிக் கலைத்த எண்ணெய் காத்திருக்கும். பன்னிரண்டு ஆட்டங்களில் விழுந்த பின்களின் மொத்தக் கூட்டலில் மேலே இருப்பவர்கள் மறுநாள் ஆடுவார்கள். அந்தத் தகுதிக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் கிடையாது, நுழைவுக் கட்டணமும் போனது போனதுதான்.

பலகையில் மதிப்பெண்ணை நேராகப் போடுவதில்லை, ஆட்டத்துக்கு 200 என்ற கணக்குக்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று போடுகிறார்கள். கூட்டல் 60, கழித்தல் 14 என்று பார்த்ததும் எங்கள் ஊர்ப் பங்குச்சந்தைத் திரை நினைவுக்கு வந்தது.

நான் ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்தொடர்ந்தேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊதாச் சட்டை, முடியில் நரை. அவரைக் காலையில் கழிவறை வாசலில் பார்த்தேன். காலணிக்கு மேல் துணி உறை மாட்டிக்கொண்டிருந்தார். ஈரம் ஒரு சொட்டு அடியில் பட்டால் வழுக்கிச் செல்ல வேண்டிய இடது கால் அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஆள் முகம் குப்புற விழுவார். "ஒரு முறை விழுந்தேன், போதும்" என்றார். மருந்துக்கடையில் வேலை, ஆண்டு விடுப்பை எல்லாம் சேர்த்து வைத்து ஆடவருகிறாராம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை என்றதும், இங்கே பாதிப் பேர் ஏதோ ஒரு கல்லூரியில் பயிற்றுநர்தான் என்று சிரித்தார்.

சீசன் ஏன் கோடையில் நடக்கிறது என்ற என் பழைய கேள்விக்கும் விடை கிடைத்தது. குளிர்காலத்தில் கூடங்களை உள்ளூர் லீக் ஆட்டக்காரர்கள் நிறைத்துவிடுவார்கள், காலியாக இருப்பது கோடைதான். கல்லூரிக்கும் விடுமுறை. பெரிய பட்டங்களை வென்ற ஷானன் ஓகீஃப்கூடக் கல்லூரி அணிப் பயிற்றுநர்தான். ஆக இந்தத் தொழில், மற்ற எல்லோரும் விட்டுவைத்த இடத்திலும் விட்டுவைத்த நாட்களிலும் நடக்கிறது. இதை இவர்கள் யாரும் புலம்பலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பன்னிரண்டாம் ஆட்டம், கடைசிக்கு முந்தைய சுற்று. ஊதாச் சட்டைக்காரர் கோட்டுக்கு மேலே இருக்கிறாரா கீழே இருக்கிறாரா என்பது பலகை மாறும்போதெல்லாம் மாறிக்கொண்டிருந்தது. முதல் பந்து அழகாக வளைந்து போய்ச் சரியான இடத்தில் இடித்தது. ஒன்பது சாய்ந்தன. வலது ஓரத்தில் பத்தாம் பின் மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது. அவர் அதைப் பார்த்து உதட்டைச் சுழித்தார், கோபமாக இல்லை, கடன்காரனை வாசலில் பார்த்த மாதிரி. எண்ணெயோடு வம்பு வேண்டாம் என்று வளையாத ப்ளாஸ்டிக் பந்தை எடுத்தார். துணியால் ஒரு முறை துடைத்தார். நடந்தார், விட்டார். பந்து நேராக, மிக நேராக, பின்னை உரசுவதுபோலப் போய் வலப்பக்கக் குழியில் விழுந்தது.

மூன்று பின் வித்தியாசத்தில் வெளியே போனார். நாள் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல் பின்களைச் சாய்த்தவர்! அரை மணி கழித்து அவர் பந்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணி நேரம் ஓட்டிப்போக வேண்டும், மறுநாள் மாலை கடையில் இருக்க வேண்டும் என்றார். அடுத்த ஊருக்கு வருவீர்களா என்று கேட்டேன். விடுப்பு இன்னும் நான்கு நாள் மிச்சம் இருக்கிறது என்றார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கெல்லி கூலிக் என்ற வீராங்கனையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். 2003இல் பெண்கள் போட்டித் தொடர் மூடப்பட்டபோது அவர் அப்பாவின் கார் பட்டறையில் வேலைக்குப் போனார். 2010 ஜனவரியில் லாஸ் வேகஸில், ஆண்களின் சாம்பியன்கள் போட்டியில் கிறிஸ் பார்ன்ஸை 265க்கு 195 என்று வென்றார். ஆண்களின் தொழில்முறைத் தொடரில் பட்டம் வென்ற முதல் பெண் அவர்தான். அப்போது பெண்களுக்கென்று தனித்து நடக்கும் தொடரே இல்லை என்பதைச் சேர்த்து நினைத்தால்தான் அந்த எண்களின் ருசி தெரியும்.

நாள் 4: ஒரு பழைய டிக்கெட் சாவடியும் இறுதி ஆட்டமும்

இறுதி ஆட்டம் மாலையில்தான். காலையில் தங்கை என்னை பேயர் ஸ்டேடியத்துக்கு அழைத்துப்போனாள். அவளாகவே தேடிக் கண்டுபிடித்த இடம். போர்க்காலத்தில் தொடங்கிய பெண்கள் பேஸ்பால் லீகில் ராக்ஃபோர்டு பீச்சஸ் அணியின் சொந்த மைதானம் இது. 1943 முதல் 1954 வரை ஆடினார்கள், நான்குமுறை கோப்பையை வென்றார்கள். குட்டைப் பாவாடை அணிந்து மண்ணில் சறுக்க வேண்டும். தொடை தோல் உரிந்துபோகும். அதோடு முகப்பூச்சு, நடை, உட்காரும் விதம் எல்லாவற்றுக்கும் ஆரம்பத்தில் தனி வகுப்பு வேறு. அந்த வகுப்பை நடத்தியவர்களை ஒரு நாள் அந்தப் பாவாடையில் சறுக்கவிட்டிருக்க வேண்டும்.

இப்போது அங்கே பழைய டிக்கெட் சாவடி நிற்கிறது. சுற்றிலும் புல். பக்கத்துத் தெருச் சிறுமி ஒருத்தி சைக்கிளை அதில் சாய்த்துவிட்டு ஐஸ் தின்றுகொண்டிருந்தாள். தங்கை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அக்கா, நேற்று அந்த மருந்துக்கடை அம்மாவிடம் நீ டிக்கெட் காசு பற்றிக் கேட்டாயா? உண்மையில் நாம் கொடுக்கிற காசு அவர்களுக்குப் போகிறதா?" என்று கேட்டாள். கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மாலையில் ஏணிப்படி முறையில் ஆட்டம். நான்காம் இடத்தில் இருப்பவரும் மூன்றாம் இடத்தில் இருப்பவரும் ஓர் ஆட்டம் ஆடுவார்கள். வென்றவர் இரண்டாம் இடத்தவரோடு, அதில் வென்றவர் முதலிடத்தவரோடு. கேட்கும்போது முதலிடத்தவருக்கு வசதிபோலத் தோன்றும். பார்த்தால் அப்படி இல்லை. எதிரே வருபவர் ஒன்றிரண்டு ஆட்டங்கள் ஆடிக் கை சூடேறி, எண்ணெய் எங்கே குறைந்திருக்கிறது என்று உள்ளங்கைபோல அறிந்து வருகிறார். முதலிடத்தவர் இரண்டு நாள் உழைத்துச் சேர்த்த முன்னிலை எல்லாம் சைபராகி, நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்கிறார்.

அப்படித்தான் நடந்தது. கடைசிப்படியில் நின்ற இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க பெண் மூன்று பேரையும் வரிசையாக வீழ்த்தினாள். இறுதி ஆட்டத்தில் முதலிடத்தவர் முதல் நான்கு சுற்றுகளில் மூன்று பந்துகளை மாற்றிப் பார்த்தார், எதுவும் லேனோடு ஒத்துப்போகவில்லை. ஐந்தாம் சுற்றில்தான் சரியான பந்து கையில் வந்தது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. முப்பது பின் வித்தியாசம். வென்றவள் முதலில் கட்டிக்கொண்டது, பந்துகளுக்குத் துளை போட்டுத் தரும் மனிதரை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பாட்டி எழுந்து நின்று கைதட்டினார், நாங்களும்.

நாள் 5

மழை. மில்வாக்கிக்கு வந்து சேர்ந்தோம். துணி துவைத்தோம். மூட்டையில் மிச்சமிருந்த முறுக்கு தீர்ந்தது.

நாள் 6: மில்வாக்கி, நிலவறை

இந்த ஊர் ஒரு காலத்தில் இந்த ஆட்டத்தின் தலைநகரம். காங்கிரஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட ஆண்கள் பவுலிங் அமைப்பின் தலைமையகம் இங்கேதான் இருந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் 1916இல் நாற்பது பெண்கள் கூடித் தொடங்கிய பெண்கள் பவுலிங் காங்கிரஸும் பின்னாளில் இந்தப் பக்கமே வந்து சேர்ந்தது. இப்போது எல்லாம் டெக்சஸின் ஆர்லிங்டனுக்குப் போய்விட்டது. பெருமையோடு ஒரு கறையையும் சொல்ல வேண்டும். 1950 வரை இரண்டு அமைப்புகளிலும் வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்று விதி எழுதி வைத்திருந்தார்கள். தொழில்முறைப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண் லூயிஸ் ஃபுல்டன், ஆண்டு 1964.

நாங்கள் போனது லிங்கன் அவென்யூவில் இருக்கும் ஹாலர் ஹவுஸ். 1908இல் திறந்த மதுக்கடை. நிலவறையில் இரண்டே இரண்டு லேன். அங்கீகாரம் பெற்றவற்றில் அமெரிக்காவிலேயே மிகப் பழையது. முன்கூட்டியே சொல்லிவைத்துத்தான் போக வேண்டும். மேலே மதுக்கடையில் கூரை முழுக்கப் பெண்களின் உள்ளாடைகள் தொங்குகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் பெண்கள் விளையாட்டாகத் தொடங்கிய வழக்கமாம். தங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, படி இறங்கும் வரை தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கீழே லேன்கள் நிஜ மரம். பின்களை நிறுத்த இயந்திரம் கிடையாது, ஒரு பையன் இருக்கிறான். பந்து வரும்போது மேடைமேல் ஏறி உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொள்கிறான். பின்கள் சாய்ந்ததும் இறங்கி வந்து ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துகிறான், பந்தைச் சரிவில் உருட்டித் திருப்பி அனுப்புகிறான். மதிப்பெண் பென்சிலால் தாளில். என் முறை இது! இருபத்தேழு ஆண்டில் நான் கற்றுக்கொண்ட ஒரே பவுலிங் வித்தை.

அறுபது வயதில் முதன்முறையாகக் கோட்டருகே போய் நின்றேன். பந்தின் கட்டைவிரல் துளை எனக்குப் பெரிது, நாடா ஒட்ட நாடா இல்லை. முதல் பந்து குழிக்குள் போயிற்று. இரண்டாவதும். மூன்றாவது சுற்றில் ஏழு விழுந்தபோது தங்கை கத்திய கத்தலில் மேலே குடித்துக்கொண்டிருந்த இருவர் இறங்கிவந்து பார்த்தார்கள்.

கடைசிச் சுற்றுக்கு முன் தங்கை ஒரு ஐந்து டாலர் நோட்டைச் சுருட்டி என் பந்தின் கட்டைவிரல் துளைக்குள் செருகினாள். "பையனுக்கு" என்றாள். இனி அந்தப் பந்தைப் பிடிக்க முடியாது. பூசணிக்காயைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கி, கால்களுக்கு நடுவிலிருந்து தள்ளிவிட்டேன். அது தன்பாட்டுக்கு மெதுவாக, வெகு மெதுவாக உருண்டுபோய்ப் பின்களின்மேல் சாய்ந்துகொண்டது. ஒன்பது. வலது ஓரத்தில் பத்தாம் பின் நின்றது.

பையன் இறங்கி நோட்டை உருவிக்கொண்டு, அறுபது அடிக்கு அந்தப்பக்கமிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். பந்து திரும்பி வந்தது. பத்தாம் பின்னைக் குறிவைத்தேன், தவறவிட்டேன். தாளில் கூட்டிப் பார்த்தேன், தங்கை சரிபார்த்தாள்.

74. மேரியனைவிட ஏழு குறைவு.